40 லிட்டர் தொட்டி, பதினைந்தாம் நாளில் இலை ஓரம் கருகுகிறது: குறை தண்ணீரிலா, உரத்திலா?

மொட்டைமாடி (சென்னை) · மார்ச் 4, காலை 7.10

வணக்கம். மண்ணில்லா வளர்ப்புக்கு நான் புதியவன். வேளச்சேரியில் மொட்டைமாடியில் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். மூடியில் எட்டு ஓட்டைகள். ஆறில் லெட்டூஸ், இரண்டில் பாலக்கீரை. மீன் தொட்டிக்குப் பயன்படும் காற்று பம்பும் ஒரு காற்றுக்கல்லும் இரவு பகலாக ஓடுகின்றன. ஏ, பி என்று இரண்டு புட்டிகளாக விற்கும் உரக்கரைசல்தான் போடுகிறேன்.

பிப்ரவரி 17 அன்று நாற்றுகளை மாற்றி வைத்தேன். முதல் பத்து நாள் வளர்ச்சி கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. இப்போது கீழ் இலைகளின் ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது. நடுவில் வரும் இளம் இலைகள் மஞ்சளாக இருக்கின்றன. நரம்பு மட்டும் பச்சை. தினமும் சுமார் 2 லிட்டர் தண்ணீர் குறைகிறது. அதை உரம் கலந்த தண்ணீரால் தவறாமல் நிரப்பிவிடுகிறேன். உரம் போதவில்லையா? அளவைக் கூட்டட்டுமா?

கீரைப்பாத்தி (திருச்சி) · மார்ச் 4, காலை 8.02

இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஆனால் அதற்காக உடனே இரும்பு வாங்கி ஊற்ற வேண்டாம். பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, ஏறிவிட்டாலும் இதே தோற்றம் வரும். அளந்தீர்களா?

கிணற்றடி (செங்கல்பட்டு) · மார்ச் 4, காலை 8.40

தம்பி, உரத்தைக் கூட்டாதீர்கள். இன்று எதுவுமே ஊற்றாதீர்கள். முதலில் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்.

முதல் நாள் எந்தத் தண்ணீரில் தொடங்கினீர்கள்? தினமும் நிரப்புவது எந்தத் தண்ணீர்? டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் கருவி) முதல் நாள் காட்டிய எண் எவ்வளவு, இன்று எவ்வளவு? பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீரின் வெப்பம் என்ன?

ஒரு செடியை வலைக்கிண்ணத்தோடு தூக்கி வேரையும் பாருங்கள். பழுப்பாக இருந்தால் இரண்டு விரலால் மெல்ல உருவிப் பாருங்கள். மேல்தோல் கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். கழலாமல் உறுதியாக இருந்தால் வெறும் கறைதான்.

மொட்டைமாடி · மார்ச் 4, பிற்பகல் 3.25

ஐயா, எல்லாவற்றையும் அளந்துவிட்டேன்.

தொடங்கியது வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில், அதன் டி.டி.எஸ். 40. உரம் கலந்தபின் பேனா 700 காட்டியது. தினமும் ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து மாடிக்குத் தூக்குவது சிரமம் என்பதால், நிரப்புவதற்கு மாடிக் குழாயில் வரும் போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தினேன். அதை இன்றுதான் முதன்முறையாக அளந்தேன்: 900. அதில் முன்பு போட்ட அதே அளவு ஏ, பி கலந்துதான் ஊற்றி வந்தேன்.

தொட்டியில் இன்று 1650. பி.எச். 7.6. தண்ணீரின் வெப்பம் 31 டிகிரி. வேர் பழுப்பு, உருவினால் தோல் கழலவில்லை. வாடையும் இல்லை.

கிணற்றடி · மார்ச் 4, பிற்பகல் 4.50

நல்லது, வேர் பிழைத்திருக்கிறது. இனி உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம்.

700 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 700 மில்லிகிராம் உப்பு. 40 லிட்டரில் 28 கிராம். போர்வெல் தண்ணீர் 900, அதன்மேல் உரம் 700, ஆக லிட்டருக்கு 1600. தினமும் 2 லிட்டரில் 3.2 கிராம், 15 நாளில் 48 கிராம். இரண்டையும் கூட்டினால் தொட்டிக்குள் நீங்கள் போட்டது 76 கிராம். இன்று 1650 காட்டும் தொட்டியில் இருப்பது 66 கிராம். ஆக, செடிகள் எடுத்துக்கொண்டது பத்தே கிராம்.

அந்த 48 கிராமில் 27 கிராம் போர்வெல் தண்ணீரோடு வந்தது. அதில் செடிக்குப் பயன்படும் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கொஞ்சம் இருக்கும். மீதி சோடியம், குளோரைடு, பைகார்பனேட். சோடியத்தைக் கீரை பெரிதாக எடுத்துக்கொள்ளாது. தண்ணீர் மட்டும் ஆவியாகவும் இலை வழியாகவும் வெளியேற, சோடியம் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்த இடத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேனா காட்டுவது மொத்த உப்பை. அதில் எவ்வளவு உணவு, எவ்வளவு வெறும் உப்பு என்று அதற்குத் தெரியாது. 1650 என்ற எண்ணைப் பார்த்து உரம் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் செடிகள் உப்பு நீரில் நின்றுகொண்டு தாகத்தில் இருக்கின்றன. ஓரம் கருகுவது அதனால்தான்.

இளம் இலை மஞ்சளுக்குக் காரணம் கீரைப்பாத்தி அம்மா சொன்னதே. பைகார்பனேட் பி.எச்.சை 7.6 வரை தூக்கிவிட்டது. பல உரப்புட்டிகளில் இரும்பு, அதைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தின் பிடிப்பில் இருக்கும். பி.எச். 6.5ஐத் தாண்டினால் அந்தப் பிடிப்பு தளர்ந்து, இரும்பு வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்குப் போய்விடும். டி.டி.பி.ஏ. என்ற இன்னொரு சேர்மத்தின் பிடிப்பு ஏறக்குறைய 7 வரை தாங்கும்.

இன்று மாலையே செய்ய வேண்டியது: தொட்டியை முழுவதும் காலி செய்யுங்கள். வேரை ஆர்.ஓ. தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், கசக்க வேண்டாம். புதிய ஆர்.ஓ. தண்ணீரில் பேனா 450 காட்டும் அளவுக்கு மட்டும் உரம் போடுங்கள். காயம்பட்ட வேருக்கு ஒரு வாரம் இது போதும். பி.எச். 5.8க்கும் 6.2க்கும் நடுவில் நிற்கட்டும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். புதிதாக வரும் இலையை மட்டும் கவனியுங்கள்.

வேர்முனை (கோயம்புத்தூர்) · மார்ச் 4, மாலை 6.15

பேனாவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டி.டி.எஸ். பேனா உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை, அதாவது ஈ.சி.யை. அதை 500ஆல் பெருக்கிக் காட்டும் பேனாவும் உண்டு, 700ஆல் பெருக்கிக் காட்டும் பேனாவும் உண்டு. ஈ.சி. 1.4 மில்லி சீமன்ஸ் உள்ள ஒரே கரைசலை ஒரு பேனா 700 என்று காட்டும், இன்னொன்று 980 என்று காட்டும். இரண்டு பேர் எண்ணை மட்டும் பரிமாறிக்கொண்டு தொட்டியைக் கெடுத்துக்கொண்டதை இங்கேயே பார்த்திருக்கிறேன். முடிந்தால் ஈ.சி.யில் பேசுங்கள்.

சோதிக்க, ஈ.சி. 1413 மைக்ரோ சீமன்ஸ் (அதாவது 1.413 மில்லி சீமன்ஸ்) என்று அளவு தெரிந்த நிர்ணயக் கரைசல் சிறு பொட்டலமாகக் கிடைக்கும். உங்கள் பேனா அதில் 707 அளவில் காட்டினால் 500 பெருக்கல். 990 அளவில் காட்டினால் 700 பெருக்கல்.

பி.எச். பேனாவை ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். அதன் கண்ணாடி முனை கெட்டுவிடும். பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசல் சில துளி மூடிக்குள் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை 4, 7 என்ற இரண்டு நிர்ணயக் கரைசலிலும் சரிபார்க்க வேண்டும்.

லெட்டூசுக்கு ஈ.சி. 0.8 முதல் 1.2 வரை நம் வெயில் காலத்தில் போதும். பாலக்கீரை 1.8 கூடத் தாங்கும். இரண்டும் ஒரே தொட்டியில் என்றால் லெட்டூசின் பக்கம் சாய்ந்து நில்லுங்கள்.

எலுமிச்சை (மதுரை) · மார்ச் 4, இரவு 9.00

பி.எச். குறைக்க நான் எலுமிச்சைச் சாறு பிழிகிறேன். மாலையில் 6க்கு வருகிறது. மறுநாள் காலையில் திரும்ப 7. சாற்றைக் கூட்ட வேண்டுமா?

வேர்முனை · மார்ச் 4, இரவு 9.35

இல்லை. சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், அதனால்தான் ஓரிரு நாளில் பி.எச். ஏறுகிறது. கூட்டினால் நுண்ணுயிர்களுக்குத்தான் விருந்து, தண்ணீர் வழவழப்பாகிவிடும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிலைத்து நிற்கும். 'பி.எச். டவுன்' என்று விற்கும் புட்டிகளில் பலவும் அதுதான். கையுறை போட்டுக்கொண்டு, எப்போதும் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. 40 லிட்டருக்கு ஒரு மில்லியாகத் தொடங்கி, கலக்கி, அரை மணி நேரம் கழித்து அளவு பாருங்கள்.

இன்னொன்று. செடி நைட்ரேட்டை எடுக்கும்போது பி.எச். மெல்ல ஏறுவது இயல்பு. 5.8இல் இருந்து நான்கு நாளில் 6.3 ஆனால் செடி நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழுங்கள். நாள்தோறும் திருத்திக்கொண்டே இருந்தால்தான் வேர் துன்பப்படும்.

மண்வாசம் (தஞ்சாவூர்) · மார்ச் 5, காலை 6.30

நாற்பது வருடமாக மண்ணில் விவசாயம் செய்கிறவன் நான். இத்தனை அமிலமும் புட்டியும் எதற்கு? பஞ்சகவ்யம் மூன்று சதவீதம் கலந்து ஊற்றுங்கள். என் தோட்டத்தில் அதைவிட நல்ல ஊட்டம் நான் கண்டதில்லை.

கிணற்றடி · மார்ச் 5, காலை 7.45

ஐயா, உங்கள் அனுபவத்தை வணங்குகிறேன். என் வீட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் நானும் பஞ்சகவ்யம்தான் கொடுக்கிறேன். ஆனால் மண்ணில் அது வேலை செய்வதற்குக் காரணம் மண்ணில் வாழும் உயிர்கள். அவை மக்கவைத்து, உடைத்து, வேர் எடுக்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகின்றன. அவற்றுக்கு வேண்டிய காற்று மண்ணின் இடுக்குகளில் இருக்கிறது. 40 லிட்டர் தண்ணீரில் அந்த இடம் இல்லை. உள்ளே போகும் வெல்லமும் பாலும் சாணமும் நுண்ணுயிரைப் பெருக்கும். அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மறுநாள் வேர் மூச்சடைத்து நிற்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 30 டிகிரியில் ஏழரை. இருப்பதே அவ்வளவுதான் ஐயா.

மண்வாசம் · மார்ச் 5, காலை 8.20

காரணம் சொன்னது நல்லது. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கழிக்கிற அந்தத் தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? அதில் உரம் இருக்கிறதே.

தோட்டக்கிணறு (யாழ்ப்பாணம்) · மார்ச் 5, காலை 9.10

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உள்ளே வந்தேன். எங்கள் பக்கம் நிலத்துக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது விரைவில் கிணற்றுக்கு இறங்கிவிடும். தோட்ட உரத்தால் கிணறுகளில் நைட்ரேட் ஏறியிருப்பது எங்களுக்கு நெடுநாள் கவலை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் தொட்டிக் கரைசலில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆகவே கழிவை ஒரே இடத்தில் கொட்டாதீர்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் அறவே வேண்டாம். இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து வாழை, தென்னை, பூச்சாடிகளுக்குப் பிரித்து ஊற்றுங்கள். மொட்டைமாடி தம்பியின் 1650 கரைசலில் சோடியம் அதிகம் என்பதால் சாடிக்கு வேண்டாம், தென்னைக்கு மட்டும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கடினமானதுதான். நான் மழைநீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, நாலு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்றுநீர் கலக்கிறேன். கங்குன் என்று நாங்கள் சொல்லும் வள்ளைக்கீரை இதில் மிக நன்றாக வருகிறது. லெட்டூஸ் போல வெயிலுக்கு அஞ்சாது.

கீரைப்பாத்தி · மார்ச் 5, காலை 10.00

அண்ணன் சொன்ன கலவை சென்னைக்கும் பொருந்தும். 40 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் நான்கு பங்கு, 900 உள்ள போர்வெல் ஒரு பங்கு கலந்தால் சுமார் 210 வரும். தூக்கும் சுமையும் குறையும், கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் சேரும், பி.எச். ஆடாமல் நிற்கவும் உதவும். ஆனால் இந்தக் கலவையை முதல் நிரப்பலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினசரி நிரப்பலுக்கு ஆர்.ஓ. அல்லது மழைநீர் மட்டும். இல்லையென்றால் மறுபடியும் உப்புச் சேர்ந்துவிடும்.

ஆர்.ஓ. கருவி கழிக்கும் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. அதில் போர்வெல்லைவிட உப்பு அதிகம். உப்புப் போட்டு மென்மையாக்கும் கருவியிலிருந்து வரும் தண்ணீரும் வேண்டாம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது.

புதுக்கை (சேலம்) · மார்ச் 5, பிற்பகல் 1.15

ஏ, பி புட்டிகள் விலை அதிகம். உரக்கடையில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 19 சதவீதம் உள்ள கலப்பு உரம்) வாங்கிப் போட்டால் ஆகாதா? பேனாவில் எண் குறைவாகவே காட்டுகிறது, ஆகவே கூடப் போடலாம் என்று நினைத்தேன்.

வேர்முனை · மார்ச் 5, பிற்பகல் 2.05

தயவுசெய்து நிறுத்துங்கள். 19:19:19இல் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவத்தில் இருக்கிறது. யூரியா தண்ணீரில் மின்னூட்டத் துகள்களாகப் பிரிவதில்லை. எனவே ஈ.சி. பேனாவின் கண்ணுக்கு அது தெரியாது. எண் குறைவாக இருப்பதைப் பார்த்து நீங்கள் கூட்டிக்கொண்டே போவீர்கள். அதில் கால்சியமும் கிடையாது. கால்சியம் இல்லாமல் லெட்டூசின் உள்ளிலை நுனி கருகும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகவும், கால்சியம் இல்லாத கலப்பு உரத்தைத் தனியாகவும் வாங்கி நீங்களே ஏ, பி தயாரிக்கலாம். கால்சியம் நைட்ரேட்டில் தழைச்சத்து 15.5 சதவீதம், கால்சியம் 18.8 சதவீதம். அடர் கரைசலில் அது சல்பேட்டையோ பாஸ்பேட்டையோ தொட்டால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும்; பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. இரண்டு புட்டிகள் இருப்பதற்குக் காரணமே அதுதான். ஏ ஊற்றி, நன்றாகக் கலக்கி, பிறகுதான் பி. அளவு மூடியைக்கூட இரண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள்.

மொட்டைமாடி · மார்ச் 5, இரவு 8.10

நேற்று இரவே காலி செய்துவிட்டேன். கரைசலைக் கீழே தென்னைக்கு ஊற்றினேன். இப்போது 450, பி.எச். 5.9. இனி நிரப்புவது எப்படி என்று எனக்கு ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள் ஐயா. ஒவ்வொரு காணொளியும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது.

கிணற்றடி · மார்ச் 6, காலை 6.50

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தொட்டியின் உட்புறம் ஐந்து லிட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். காலையில் ஒரே நேரத்தில் மூன்றை எழுதுங்கள்: தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, பேனாவின் எண், பி.எச்.

தண்ணீர் குறைந்து எண் ஏறியிருந்தால், செடி உணவைவிடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். சென்னை வெயிலில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். தண்ணீர் குறைந்தும் எண் மாறவில்லை என்றால் இரண்டையும் சமமாக எடுத்திருக்கிறது. தொட்டியில் உள்ள அதே அடர்த்தியில் கலந்து ஊற்றுங்கள். எண் இறங்கியிருந்தால்தான் பசி. அப்போது உரம் சேருங்கள், அதுவும் பாதிப் பாதியாக.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். எண் சரியாக இருந்தாலும் மாற்றுங்கள், ஏனென்றால் செடி எல்லாச் சத்தையும் ஒரே வேகத்தில் எடுப்பதில்லை. நைட்ரேட்டும் பொட்டாசியமும் முதலில் தீரும். சல்பேட்டும் சோடியமும் தங்கும். எண் அதே 600ஆக இருக்கும், உள்ளே இருப்பது வேறாகியிருக்கும். மாற்றவே தேவையில்லை என்று சொல்லும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நல்ல தண்ணீர் இருக்கிறது. நம்மிடம் இல்லை.

அடுத்து வெப்பம். 31 டிகிரி ஆபத்தின் வாசல். 25ஐத் தாண்டினாலே அழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிருக்குக் கொண்டாட்டம். மீன் சந்தையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள் தொட்டியை இறக்கி வையுங்கள். மேலே நிழல்வலை கட்டுங்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்குங்கள். தளம் மாலை வரை சூட்டைக் கக்கும். காற்று பம்ப் நிழலில் இருக்கட்டும், வெயிலில் நின்றால் சூடான காற்றைத்தான் ஊதும்.

வெளிச்சம் தண்ணீரைத் தொடக் கூடாது, பாசி பிடிக்கும். காலியாக உள்ள ஓட்டைகளை மூடுங்கள், வலை கட்டுங்கள். டெங்குக் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருக்கும் மாடி. இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது.

மொட்டைமாடி · மார்ச் 11, காலை 7.30

ஒரு வாரக் கணக்கு. தண்ணீர் 9 லிட்டர் குறைந்தது. எண் 450இலிருந்து 510. பி.எச். 5.9இலிருந்து 6.2. பிற்பகல் வெப்பம் 27. பழுப்பு வேர்களின் நுனியில் வெள்ளை வேர்கள் வந்திருக்கின்றன, ஏறக்குறைய விரல் நீளம். புது இலைகள் முழுப் பச்சை. ஆர்.ஓ. தண்ணீர் 9 லிட்டர் ஊற்றினேன், எண் 400க்கு இறங்கியது. பிறகு ஏ, பி சேர்த்து 600 ஆக்கினேன்.

புதிய கேள்வி ஒன்று. 19ஆம் தேதி குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன். எட்டு நாள் வீட்டில் யாரும் இல்லை. மின்சாரமும் அவ்வப்போது போகிறது. என்ன செய்வது?

தோட்டக்கிணறு · மார்ச் 11, காலை 9.00

தம்பி, பயப்பட வேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கிராட்கி என்ற ஆய்வாளர் பம்பே இல்லாமல் லெட்டூஸ் வளர்க்கும் முறையை வகுத்தார். தண்ணீர் இறங்க இறங்க மேலே ஒரு காற்றிடைவெளி உண்டாகும். அங்கே நிற்கும் வேர்கள் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுக்கும். உங்கள் தொட்டியையும் அதற்குப் பழக்கிவிடலாம். இன்றிலிருந்து மேல்மட்டம் வரை நிரப்பாமல் சில சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். வேர் மேல்பகுதியில் மெல்லிய ரோமம் போல் பூக்கும். புறப்படும் முன் கரைசலை மாற்றி, 36 லிட்டர் கோட்டோடு நிறுத்துங்கள். எக்காரணம் கொண்டும் அதற்கு மேல் நிரப்பாதீர்கள். காற்றுக்குப் பழகிய வேரை மூழ்கடித்தால் செடி துவண்டுவிடும்.

எண்ணை 400இல் வைத்துவிட்டுப் போங்கள். தண்ணீர் குறையக் குறைய அதுவே ஏறிக்கொள்ளும்.

கீரைப்பாத்தி · மார்ச் 11, காலை 9.40

புறப்படுவதற்கு முந்தைய நாள் வெளி இலைகளைப் பறித்துவிடுங்கள். இலைப் பரப்பு குறைந்தால் தண்ணீர்ச் செலவும் குறையும். கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

மொட்டைமாடி · மார்ச் 27, காலை 7.15

நேற்று இரவு திரும்பினோம். பையை வைத்துவிட்டு டார்ச் விளக்கோடு மாடிக்கு ஓடினேன். எட்டுச் செடிகளும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு லெட்டூஸ் மட்டும் பூத்தண்டு நீட்டத் தொடங்கியிருக்கிறது, இலை கசக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் வள்ளைக்கீரைத் தண்டு வைக்கப் போகிறேன்.

17 லிட்டர் குறைந்திருக்கிறது. எண் 560, பி.எச். 6.3. எண் ஏறியிருக்கிறது, ஆகவே இப்போதைக்கு வெறும் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றப் போகிறேன், 30 லிட்டர் கோட்டோடு நிறுத்திவிடுவேன். நாளைக் காலை அளந்துவிட்டுத்தான் ஏ புட்டியைத் திறப்பேன்.